பூனைச் சண்டையும் மறைந்த காயமும்

திருச்சி, ஸ்ரீரங்கத்துப் பழைய வீதிகளில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டியவை. எல்லை தாண்டும் பூனைக்கு இரவில் சண்டை நிச்சயம். காலையில் ஊசி குத்தியது போன்ற துளைதான் தெரியும். சிறு காயம் என்று விட்டுவிடுகிறோம். அதுவே ஆபத்து! கூரிய பல் ஆழமாக இறங்குகிறது. மேல்தோலோ விரைவில் மூடிக்கொள்கிறது. லூயி பாஸ்டரின் பெயர் தாங்கிய பாஸ்டுரெல்லா முதலிய கிருமிகள் உள்ளே பெருகி, சில நாட்களில் சீழ்க்கட்டி உண்டாகிறது. உடனே கால்நடை மருத்துவரிடம் காட்டுவோம். நாம் உண்ணும் பாராசிட்டமால் மாத்திரை பூனைக்கு நஞ்சு; கொடுக்கவே கூடாது. சண்டையைக் கையால் விலக்க வேண்டாம். நம்மைக் கடித்தாலோ கீறினாலோ, சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, வெறிநோய்த் தடுப்பூசிக்கு அன்றே மருத்துவமனை செல்வோம். வாயில்லா ஜீவன் வலியைச் சொல்லாது. நாம்தான் தடவிப் பார்த்து அறிய வேண்டும்.