நிறுத்தும்போது சாகிற மாஸ்ஃபெட்

2012 மின்வெட்டைச் சின்னாளபட்டித் தறிக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கைத்தறிக்குக் கரண்ட் வேண்டாம். எங்கள் வீட்டில் ஆறு தாரை (ஊடைநூல் சுற்றும் குச்சி) ஒரே தண்டில் சுற்றிய மோட்டாருக்கு வேண்டும். பழைய இன்வர்ட்டர் பேட்டரி இரண்டைத் தொடராக இணைத்து, 24 வோல்ட், 250 வாட் டிசி மோட்டார் ஒன்றை மாட்டினேன். சுவிட்சைத் தட்டியதும் அது பாய்ந்தது; ஆறு நூலும் ஒன்றாக அறுந்தன. "இதுக்கு ராட்டையே தேவலடா" என்றார் அம்மா. காந்திகிராமத்துப் பக்கத்து ஊரில் இந்தப் பேச்சுக்குப் பதில் சொல்ல முடியாது.

வேகத்தைக் குறைக்கத் தடைக்கம்பி போட்டேன். கம்பி கொதித்தது, பாரம் ஏறினால் மோட்டார் துவண்டது. அதன்பிறகுதான் பிடபிள்யூஎம்முக்கு வந்தேன். மின்சாரத்தை நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை விட்டுவிட்டுக் கொடுப்பது. கொடுக்கும் நேரம் கூடக்கூட வேகம் கூடும். துடிப்பு தர ஒரு 555 ஐசி, சுவிட்சாக ஒரு மாஸ்ஃபெட், வேகத்தைத் திருக ஒரு குமிழ். தாளில் அரைமணி நேர வேலை.

முதல் மாஸ்ஃபெட்டைத் திறக்கும் முனைக்கு, அதாவது கேட்டுக்கு, 5 வோல்ட் கொடுத்தேன். அது முழுசாகத் திறக்காமல் இஸ்திரிப் பெட்டியாகி வெந்தது. சாதாரண மாஸ்ஃபெட்டுக்கு 10, 12 வோல்ட் வேண்டும். (பேட்டரி ஜோடியின் நடுவிலிருந்து 12 வோல்ட் உருவாதீர்கள், ஒரு பேட்டரி மட்டும் சீக்கிரம் இளைத்துவிடும். 7812 ரெகுலேட்டர் போதும்.)

அடுத்த இரண்டும் செத்த விதம்தான் என்னைத் திணறடித்தது. ஓடும்போது ஜில்லென்று இருந்தவை திடீரென்று போயின. மோட்டார் ஒரு சுருள். மாஸ்ஃபெட் மூடினாலும் அதில் ஓடிய மின்னோட்டம் உடனே நிற்காது. போக வழியில்லாவிட்டால் வோல்டேஜாக எகிறி மாஸ்ஃபெட்டை உடைக்கும். வழிவிட மோட்டாருக்குக் குறுக்கே டயோடு இருந்தது. ஆனால் நான் போட்டது 4007: ஒரு ஆம்பியர் தாங்குவது, 50 ஹெர்ட்ஸ் வேலைக்கானது. எங்கள் மோட்டாரோ 13 ஆம்பியர் இழுக்கிறது. 30 ஆம்பியர் ஷாட்கி டயோடு போட்டேன்.

நான்காவதும் போனது. பேட்டரியிலிருந்து வந்த நாலடி ஒயரும் ஒரு சுருள்போலத்தான் நடந்துகொள்கிறது என்று அப்போது தெரியாது. ஒயரைப் பாதியாக வெட்டி, பிளஸ், மைனஸ் இரண்டையும் முறுக்கி, 63 வோல்ட் கெப்பாசிட்டர்களை மாஸ்ஃபெட், டயோடு பக்கத்திலேயே வைத்தேன். 55 வோல்ட் மாஸ்ஃபெட்டை விட்டு 100 வோல்ட்டுக்கு மாறினேன். சார்ஜில் இருக்கும் பேட்டரியே 28 வோல்ட்டைத் தாண்டும். 55-இல் கஞ்சத்தனம் பார்க்கக் கூடாது.

குமிழ் வோல்டேஜை ஒரு கெப்பாசிட்டர் வழியாக மெதுவாக ஏறவிட்டதும் நூல் அறுவது நின்றது. ஏறி முடிக்க மூன்று விநாடி. அம்மா அதற்கு ஒன்றும் சொல்லவில்லை, அடுத்த தாரை மாட்டினார்.

ஒன்று மட்டும் கேளுங்கள். மாஸ்ஃபெட் செத்தால் பெரும்பாலும் ஷார்ட்டாகிச் சாகும். மோட்டார் நிற்காது, முழு வேகத்தில் ஓடும். ஃபியூஸும் போகாது. குமிழை நம்பாமல், உட்கார்ந்த இடத்திலிருந்து கை எட்டும் தூரத்தில் ஒரு டிசி பிரேக்கர் வையுங்கள்.