கொள்ளைக்கார ஈயை இனங்காணுதல்

தேனீப் பெட்டி வைத்திருக்கும் அன்பர்கள் சில வேளைகளில் ஒரு காட்சியைக் காண்பதுண்டு. வேலிக் குச்சியின் நுனியில் நீண்ட உடலுடைய பூச்சியொன்று அமர்ந்திருக்கும். அதன் கால்களின் பிடியில் தேனீ ஒன்று அசைவற்றுக் கிடக்கும். குளவியென எண்ணி அதனை அடித்துவிடுவோம். அது குளவியன்று, கொள்ளைக்கார ஈ. அடிக்குமுன் அதனைச் சற்று உற்று நோக்குவோம்.

முதலில் சிறகுகளை எண்ணுதல் வேண்டும். தேனீ, குளவி, தும்பி ஆகியவற்றுக்கு நான்கு சிறகுகள். ஈக்கோ இரண்டே, பின்சிறகு இருக்கவேண்டிய இடத்தில் குண்டூசி போன்ற இரு சிறு உறுப்புகள் உள்ளன. அடுத்துத் தலையை நோக்குக. புடைத்த இரு கண்களுக்கிடையே உச்சி பள்ளமாகக் குழிந்திருக்கும். முகத்தில் விறைத்த மயிர்கள் மீசைபோல் அடர்ந்திருக்கும். கீழே தடித்த கூரிய அலகு. இவை ஒருங்கே காணப்படின் அது அசிலிடே குடும்பத்தைச் சேர்ந்ததெனத் துணியலாம். 1802-ல் லத்ரேய் என்னும் பிரெஞ்சு அறிஞர் வகுத்த இக்குடும்பத்தில் 7,000-க்கும் மேற்பட்ட இனங்கள் அறியப்பட்டுள்ளன.

பேரினத்தை அறியப் பூதக்கண்ணாடி தேவை. சிறகு நரம்புகள் நுனிப்புறத்தில் சிறு அறைகளாகப் பிரிகின்றன. இக்குடும்பத்தின் பெரும்பாலான ஈக்களில் துணையோர அறைகள் இரண்டு. நம் நாட்டிலும் வாழும் புரோமாக்கஸ் பேரினத்தில் மூன்று. நிறத்தை மட்டும் நம்புதல் தவறு. லாப்ரியா போன்ற சில பேரினங்கள் மயிரடர்ந்து வண்டுத் தேனீயைப் போலவே தோன்றி, பழகியவரையும் ஏமாற்றும். இன்ன இனமென முடிவு கூற, பெரும்பாலும் ஆண் ஈயின் வயிற்று நுனி உறுப்புகளை நுண்ணோக்கியில் ஆராய்தல் வேண்டும். ஆகவே புகைப்படம் மட்டும் போதாது. ஈயை ஊசியிற் குத்தி, ஊர், தேதி, இருந்த இடம் இவற்றைச் சீட்டில் எழுதுக. பிடித்திருந்த இரையையும் உடன் சேர்த்து வைத்தல் மிகவும் பயன் தரும்.

ஏனெனில், நண்பனா பகைவனா என்பதை இரையே சொல்லும். இவ்வீ வெட்டுக்கிளி, வண்டு, பிற ஈக்கள் முதலியவற்றையும் பறக்கையிலேயே பற்றி, உமிழ்நீரைச் செலுத்தி உள்ளுறுப்புகளைக் கரைத்து உறிஞ்சுகிறது. மண்ணில் வாழும் இதன் புழுக்களுட் பல, வேரைத் தின்னும் வண்டுப் புழுக்களையும் உண்கின்றன. பெட்டியருகே நாலைந்து தேனீக்கள் போயினவென்று மருந்து தெளித்தால், எஞ்சிய தேனீக்களையே முதலில் இழப்போம். அங்கு வந்தமரும் ஈக்களை வலைகொண்டு அகற்றினால் போதும். வெறுங்கையாற் பற்றவேண்டாம், கடித்தால் வலி கடுமையாக இருக்கும்.