பச்சைக் குமிழ் தெரிஞ்சா குதிக்காதே!

புரதக் கிரிஸ்டலோட டிஃபரன்ஸ் மேப்பில் மூணு சிக்மாவில் பச்சையா ஒரு குமிழ் தெரிஞ்சதும், "அக்கா, என் மருந்து ஒட்டிக்கிச்சு"ன்னு போன் போடாதடி. முதல்ல லேப் நோட்டை எடு. அந்தப் புரதத்தோட என்னென்ன சேர்த்தேன்னு ஒண்ணு விடாம எழுது: பஃபர், உப்பு, பெக், உறைய வைக்கும்போது போட்ட கிளிசரால், நிக்கல் ரெசினிலிருந்து கூடவே வந்த இமிடசோல். பெரும்பாலும் ஆள் இதுக்குள்ளதான் இருப்பான். அம்மோனியம் சல்பேட்டில் வளர்த்த கிரிஸ்டல்னா, ஆர்ஜினின் பக்கத்துல குண்டா நிக்கிறது சல்பேட்டா இருக்கலாம். பாம்பு மாதிரி நீளமா வளைஞ்சு கிடந்தா பெக். சிஸ்டீனின் கந்தகத்தோட விடாம தொடர்ந்தா பீட்டா மெர்காப்டோ எத்தனாலைச் சந்தேகப்படு.

தனி உருண்டைன்னா உடனே தண்ணியைப் போட்டுட்டுப் போறது கெட்ட பழக்கம். தண்ணி, சோடியம் அயனி, மெக்னீசியம் அயனி மூணுக்கும் பத்துப் பத்து எலக்ட்ரான்தான். உருண்டையை மட்டும் பார்த்தா எதுன்னு சொல்ல முடியாது, தூரத்தை அள. பக்கத்து ஆக்சிஜன் சுமார் 2.8 ஆங்ஸ்ட்ராமில் இருந்தா தண்ணி. 2.1-ல ஆறு ஆக்சிஜன் எண்முகியா சூழ்ந்தா மெக்னீசியம். 2.4 வந்தா சோடியமோ கால்சியமோ. கால்சியத்துக்கு 18 எலக்ட்ரான், அதனால சோடியம் வெச்சும் பச்சை மிச்சம் இருக்கும். துத்தநாகமோன்னு தோணினா, அடுத்த சிங்க்ரோட்ரான் ஷிஃப்டில் 9.66 கிலோ எலக்ட்ரான்வோல்ட்டுக்கு மேலேயும் கீழேயும் டேட்டா எடு. மேலே நிமிர்ந்து நிக்கிற அனாமலஸ் பீக் கீழே சரிஞ்சுதுன்னா, அப்புறம் வாதமே கிடையாது.

லிகண்டை வெச்சு ரிஃபைன் பண்ணின மேப்பைக் காட்டி யாரையும் நம்ப வைக்கப் பார்க்காதே. நீ வெச்சதையே அது திருப்பிக் காட்டும். வைக்கிறதுக்கு முந்தின மேப், இல்லேன்னா போல்டர் மேப், அதைத்தான் பேப்பரில் போடணும்.

எதுவுமே பொருந்தலையா? விட்டுடு. 1987-ல ஹார்வர்டில் பமீலா பியார்க்மன், டான் வைலி குழு எச்எல்ஏ-ஏ2-ங்கிற நோயெதிர்ப்புப் புரதத்தோட கட்டமைப்பை வெளியிட்டப்போ, அதோட பள்ளத்தில் புரதச் சங்கிலியைச் சேராத டென்சிட்டி கிடந்தது. பலவிதப் பெப்டைடுகள் கலந்து கிடந்ததால தெளிவான உருவம் வரலை. அவங்க எதையும் அதுக்குள்ள திணிக்கலை. பள்ளத்தில் ஏதோ இருக்குன்னு வெளிப்படையா எழுதினாங்க. டி செல் எதைப் பார்க்குதுங்கிற கேள்விக்கு அந்தக் குமிழ்தான் வழி காட்டுச்சு.

புரதக் கட்டமைப்புகளைச் சேர்த்து வைக்கிற பிடிபியில், இப்படி அடையாளம் தெரியாததுக்குன்னே குறியீடு இருக்கு: தெரியாத லிகண்டுன்னா யூஎன்எல், தெரியாத அணுன்னா யூஎன்எக்ஸ். ஆர்-ஃப்ரீ கொஞ்சம் இறங்குதேன்னு அங்க ஒரு கிளிசராலைச் செருகி வெச்சே, அடுத்த குரூப் மீட்டிங்கில் நானே எழுந்து கேள்வி கேட்பேன்.