லூசர்ன் வறண்ட ஏரியில் ஒரு ராக்கெட் சனிக்கிழமை

கலிஃபோர்னியாவில் மகள் வீட்டிலோ மகன் வீட்டிலோ சில மாதம் தங்கப் போகிறவர்களின் பட்டியலில் டிஸ்னிலேண்டும் ஹாலிவுட்டும் தவறாமல் இருக்கும். வீட்டில் எட்டு, பத்து வயதுப் பேரப்பிள்ளை இருந்தால் ஒரு சனிக்கிழமையை மட்டும் காலியாக விட்டு வையுங்கள். லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து ஏறக்குறைய இரண்டு மணி நேரக் கார் தூரத்தில், மொஹாவி பாலைவனத்தில், லூசர்ன் வேலி என்ற சிற்றூருக்கு வடக்கே தண்ணீரில்லாத ஓர் ஏரி கிடக்கிறது. ‘ராக்கெட்ரி ஆர்கனைசேஷன் ஆஃப் கலிஃபோர்னியா’ என்ற கிளப் மாதம் ஒருமுறை, வழக்கமாக இரண்டாவது சனிக்கிழமை, அங்கே கூடி ராக்கெட் விடுகிறது. சுருக்கமாக ‘ராக்’ என்பார்கள். ‘ராக்ஸ்டாக்’ என்று மூன்று நாள் கூட்டமும் உண்டு, பெரும்பாலும் ஜூனிலும் நவம்பரிலும். உறுப்பினர் அல்லாதவர்களும் போய்ப் பார்க்கலாம்.

தீபாவளிக்கு பாட்டிலில் நிறுத்திக் கொளுத்தும் ராக்கெட்டை மனதில் வைத்துக்கொண்டு போகாதீர்கள். அது போனால் போனதுதான், எந்த வீட்டு மாடியில் விழுந்தது என்று நாம் கேட்பதில்லை. இங்கே கைக்குத் திரும்பி வராத ராக்கெட் தோற்ற ராக்கெட். அட்டைக் குழாய், பால்சா மரத் துடுப்பு, பிளாஸ்டிக் மூக்கு, உள்ளே மடித்து வைத்த பாராசூட் எல்லாம் முழுசாக இறங்கி, அன்றே இன்னொரு மோட்டாரைச் செருகி மறுபடி விடக்கூடிய நிலையில் இருக்க வேண்டும். எரிந்து ஏறுவது ஓரிரு வினாடிக் கதை. அதற்கப்புறம் நடப்பதுதான் ஆட்டம். பார்வையாளர்களில் பாதிப் பேர் சத்தத்தோடு தலையைக் குனிந்து அடுத்த ராக்கெட்டைத் தேடத் தொடங்கிவிடுகிறார்கள். நீங்கள் அண்ணாந்தே நில்லுங்கள்.

இந்தப் பொழுதுபோக்கு பிறந்ததே விபத்துகளைத் தடுக்கத்தான். 1957-இல் ஸ்புட்னிக் பறந்த சமயத்தில் அமெரிக்கப் பையன்கள் குழாய்களில் தாங்களே மருந்து கெட்டித்து, விரல்களையும் சிலர் உயிரையும் இழந்துகொண்டிருந்தார்கள். நெப்ராஸ்கா மாநிலம் நார்ஃபோக்கில் செருப்புக் கடை வைத்திருந்த ஆர்வில் கார்லைல், சகோதரர் ராபர்ட்டோடு சேர்ந்து 1954 வாக்கிலேயே காகித ராக்கெட்டும் அதற்கான சிறு மோட்டாரும் செய்திருந்தார். ஒயிட் சாண்ட்ஸ் ஏவுகணைத் தளத்தில் வேலை பார்த்த ஜி. ஹாரி ஸ்டைன் அதைப் பார்த்துவிட்டு, மருந்தைத் தொழிற்சாலை பார்த்துக்கொள்ளட்டும், பிள்ளைகள் ராக்கெட்டை மட்டும் கட்டட்டும் என்று முடிவு செய்தார். டென்வரில் பட்டாசுத் தொழில் செய்த குடும்பத்துப் பிள்ளை வெர்ன் எஸ்டெஸ் அந்த மோட்டார்களை அடித்துத் தள்ள ஓர் இயந்திரம் கட்டி, அதற்கு ‘மேபல்’ என்று பெயரும் வைத்தார். இன்று கடையில் நீங்கள் பார்க்கும் எஸ்டெஸ் பெட்டிகள் அந்த வழியில் வந்தவை.

போகும் வழி

ஐ-15 நெடுஞ்சாலையில் கஹோன் கணவாய் ஏறி விக்டர்வில், அங்கிருந்து கிழக்கே ஆப்பிள் வேலி வழியாக 18-ஆம் எண் சாலையில் லூசர்ன் வேலி, பிறகு 247-ஆம் எண் சாலையில் பார்ஸ்டோ திசையாகச் சில மைல். ஏரிக்குள் திரும்பும் மண்பாதையின் அடையாளத்தைக் கிளப்பின் அறிவிப்பில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள், வரைபடச் செயலியை மட்டும் நம்ப வேண்டாம். முந்தின நாள் மாலையில் அறிவிப்பை இன்னொரு முறையும் பாருங்கள். மழை பெய்திருந்தால் ஏரிப்படுகை களிமண் சேறாகிவிடும், ஏவுதலும் ரத்தாகும். மேலே காய்ந்தது போலத் தெரிகிறதே என்று காரை இறக்கினால் சக்கரம் புதைந்துவிடும்.

அதிகாலையில் கிளம்புங்கள். பாலைவனத்தில் மதியத்துக்கு மேல் காற்று எழும்புவது வழக்கம். மணிக்கு 20 மைலைத் தாண்டிய காற்றில் ராக்கெட் விடக்கூடாது என்பது தேசிய ராக்கெட் சங்கத்தின் பாதுகாப்பு விதி. காலை எட்டு, ஒன்பது மணிக்கு அங்கே இருப்பவர்களுக்குத்தான் நல்ல வானம் கிடைக்கும்.

தண்ணீர் கிடைக்காது, மரமும் கிடையாது, நிழல் நீங்கள் கொண்டுபோவதுதான். கழிப்பறை வேலையை லூசர்ன் வேலியில் கடைசிப் பெட்ரோல் பங்க்கிலேயே முடித்துக்கொள்வது நல்லது, முக்கியமாகப் பெரியவர்கள். ஆளுக்கு நான்கு லிட்டர் தண்ணீர் என்பது அதிகமில்லை. வெள்ளைக் களிமண் தரை வெயிலைத் திருப்பி முகத்தில் அடிக்கும் என்பதால் தொப்பி மட்டும் போதாது, குளிர்கண்ணாடியும் வேண்டும். குடை பிரயோஜனமில்லை. கூடாரப் பந்தல் எடுத்துப் போனால் நான்கு காலிலும் கனமான எடை கட்டுங்கள். கட்டாத பந்தல் ராக்கெட்டை விட ஆபத்து. இடம் கடல்மட்டத்துக்கு மேல் 850 மீட்டர் உயரத்துக்குச் சற்றுக் கூட, ஆகவே டிசம்பர், ஜனவரிக் காலைகளில் பல் கிட்டும், ஜூலை, ஆகஸ்டில் 40 டிகிரியை நெருங்கும். முதல்முறை போகிறவர்களுக்கு அக்டோபர் முதல் ஏப்ரல் வரைதான் நான் பரிந்துரைப்பேன். சாப்பாட்டுக்குப் புளியோதரை. தயிர்சாதம் அந்தக் காருக்குள் தாங்காது.

என்ன வாங்குவது

வெறுமனே பார்த்துவிட்டு வரலாம்தான். ஆனால் குழந்தை தன் கையால் ஒட்டிய ஒன்று பறக்காமல் அந்த நாள் நிறைவாக இருக்காது. ‘ஹாபி லாபி’ போன்ற கைவினைக் கடைகளில் எஸ்டெஸ் கிட் கிடைக்கும். ‘ஆல்ஃபா’ பல தலைமுறைப் பிள்ளைகள் கட்டிய மாடல். ‘பிக் பெர்த்தா’ கொஞ்சம் பருத்தது, மெதுவாக ஏறும், கண்ணுக்கு நன்றாகத் தெரியும். பேரப்பிள்ளையோடு தாத்தா பாட்டியும் பார்க்க வேண்டும் என்றால் பெர்த்தாதான் என் கட்சி. பசை காய ஒருநாள், பெயின்ட் காய ஒருநாள் விட்டு, வியாழக்கிழமைக்குள் கட்டி முடித்துவிடுங்கள்.

மோட்டார் வாங்கும்போதுதான் கவனம் வேண்டும். மேலே ‘ஏ8-3’, ‘பி6-4’, ‘சி6-5’ என்று அச்சிட்டிருக்கும். எழுத்து மொத்த உந்தத்தைச் சொல்கிறது. ‘ஏ’ என்றால் 2.5 நியூட்டன்-வினாடி வரை, ‘பி’ 5 வரை, ‘சி’ 10 வரை, இப்படி ஒவ்வோர் எழுத்துக்கும் உச்சவரம்பு இரட்டிக்கும். நடு எண் சராசரி உந்துவிசை, நியூட்டன் கணக்கில். கடைசி எண்தான் நம் விஷயம்: எரிந்து முடிந்தபின் எத்தனை வினாடி கழித்து, உள்ளிருக்கும் சிறு மருந்து வெடித்து மூக்கைத் தள்ளி பாராசூட்டை வெளியே எறியும் என்பது. அந்த இடைவெளியில் ராக்கெட் சும்மா மிதந்து ஏறிக்கொண்டிருக்கும். எண் சின்னதாக இருந்தால் வேகமாகப் போகும்போதே பாராசூட் திறந்து கிழியும். பெரிதாக இருந்தால் தலைகீழாகத் திரும்பி விழுந்துகொண்டிருக்கும்போது திறக்கும். கடைசி எண் 0 என்றிருந்தால் அந்த மோட்டாரை எடுக்கவே எடுக்காதீர்கள். அது ஈரடுக்கு ராக்கெட்டின் கீழ்த்தட்டுக்கானது, பாராசூட்டைத் தள்ளும் மருந்து அதில் இல்லை.

கிட் பெட்டியின் பின்புறம் எந்த மோட்டார் பொருந்தும் என்று பட்டியல் இருக்கும். அதில் இருப்பதிலேயே சிறியதில் தொடங்குங்கள். ஆல்ஃபாவில் சி6-5 போட்டால் ஏறக்குறைய ஆயிரம் அடி போகும், பையன் துள்ளுவான், பிறகு பாராசூட் காற்றோடு போய்க்கொண்டே இருக்கும். ஏ8-3 போட்டால் சில நூறு அடிதான், ஆனால் கைக்கெட்டும் தூரத்தில் வந்து இறங்கும். சுட்டவுடன் பாராசூட் பொசுங்காமலிருக்க, தீப்பிடிக்காத காகிதத்தை மூன்று நான்கு தாள் கசக்கி, பாராசூட்டுக்குக் கீழே குழாய்க்குள் போட வேண்டும். அவசரத்தில் எல்லாரும் மறப்பது இதைத்தான். கூடவே ஒரு டப்பா டால்கம் பவுடர் எடுத்துப் போங்கள். பிளாஸ்டிக் பாராசூட்டில் தடவி மடித்தால் ஒட்டிக்கொள்ளாமல் விரியும். காற்று இருந்தால் பாராசூட்டின் நடுவில் வட்டமாக ஓர் ஓட்டை வெட்டுங்கள். சீக்கிரம் இறங்கும், அதிக தூரம் அலையாது.

களத்தில்

காரை மற்ற கார்கள் நிற்கும் வரிசையிலேயே நிறுத்துங்கள். ஏவுகம்பிகளும் கட்டுப்பாட்டுப் பெட்டியும் கிளப்புடையவை, நீங்கள் எதுவும் கொண்டுபோக வேண்டியதில்லை. ராக்கெட் விடுகிறவர்கள் கட்டணம் கட்டி, ஒரு சீட்டில் ராக்கெட்டின் பெயர், மோட்டார், முதல் பறப்பா என்பதை எழுதிக்கொண்டு பாதுகாப்பு அதிகாரியிடம் போக வேண்டும். ஆர்.எஸ்.ஓ. என்று கேட்டால் காட்டுவார்கள். அவர் துடுப்பை ஆட்டிப் பார்ப்பார், மோட்டார் நழுவுகிறதா என்று பார்ப்பார், மூக்கை இழுத்துப் பார்ப்பார். மூக்கைப் பிடித்துத் தூக்கினால் உடல் கழன்று விழக்கூடாது, லேசாக உதறினால் கழல வேண்டும். இறுக்கமாக இருந்தால் தேய்க்கச் சொல்வார், தளர்வாக இருந்தால் ஒரு சுற்று டேப் ஒட்டச் சொல்வார். குழந்தையையே பேச விடுங்கள். இந்த வரிசையில் நிற்கும் பெரியவர்கள் பலர் குழந்தையின் கேள்விக்கு அரை மணி நேரம் பதில் சொல்லக்கூடியவர்கள்.

பிறகு ஒலிபெருக்கிக்காரர் ஐந்திலிருந்து எண்ணுவார், பொத்தானை அழுத்துவார். சிறிய மோட்டார்களுக்கு குறைந்தது 15 அடி, அதைவிடப் பெரிய மாடல்களுக்கு 30 அடி விலகி நிற்க வேண்டும், ஆனால் கிளப்பில் நீங்கள் அதற்கும் பின்னால்தான் இருப்பீர்கள். பற்றவில்லை என்றால் ஒரு நிமிடம் யாரும் கிட்டே போகக் கூடாது.

கம்பியை விட்டதும் ராக்கெட் காற்று வரும் திசைக்கே மூக்கைத் திருப்பும். துடுப்புகள் பின்னால் இருப்பதால் காற்று வாலைத் தள்ளுகிறது, தலை எதிர்த்துப் போகிறது. பாராசூட் விரிந்தபின் அதே காற்று அதைத் திரும்பத் தள்ளிக்கொண்டு வரும். காற்று மிதமாக இருந்தால் ஏறும்போது போன தூரமும் இறங்கும்போது வந்த தூரமும் கழிந்து, புறப்பட்ட இடத்துக்கு அருகிலேயே விழும். இதைக் கணக்குப் போட்டுக் கம்பியைச் சாய்க்கும் பழைய கைகள் அங்கே உண்டு. பார்த்துக் கற்கலாம்.

தரையில் விழுந்த இடத்தைக் கண்டுபிடிக்க ஒரு வழி. ராக்கெட் கண்ணிலிருந்து மறையும் புள்ளிக்கு நேர்ப் பின்னால் அடிவானத்தில் ஒரு மலை உச்சியையோ பாறையையோ குறித்து வையுங்கள், அதை நோக்கியே நடங்கள். இரண்டு பேர் தள்ளித் தள்ளி நின்று ஆளுக்கொரு குறி வைத்தால் இரண்டு கோடுகளும் வெட்டும் இடத்தில் கிடைக்கும். ஏரி தட்டையாக இருப்பதால் தூரம் ஏமாற்றும். அதோ தெரிகிறதே என்பது முக்கால் கிலோமீட்டராக இருக்கும். தண்ணீர் பாட்டில் இல்லாமல் கிளம்பாதீர்கள், அனுமதி அறிவிப்பு வராமல் ஏவுதளப் பக்கம் குறுக்கே நடக்காதீர்கள்.

‘ஹெட்ஸ் அப்!’ என்று குரல் வந்தால் உட்கார்ந்திருப்பவர்களும் எழுந்து மேலே பார்க்க வேண்டும். ஏதோ ஒன்று பாராசூட் இல்லாமல் வருகிறது என்று பொருள். எல்லாரும் கையை நீட்டிக் காட்டுவார்கள். முதலில் எங்கே என்று பாருங்கள், பிறகு விலகுங்கள். பார்க்காமல் ஓடுவதுதான் தவறு, கையில் பிடிக்கப் பார்ப்பது அதைவிடப் பெரிய தவறு. மூக்கு மண்ணில் குத்தி நிற்கும் ராக்கெட்டை ‘லான் டார்ட்’ என்பார்கள். மோட்டாரே வெடித்துவிட்டால் அது ‘கேட்டோ’. இரண்டுக்கும் கைதட்டல் உண்டு, சொந்தக்காரரைத் தவிர.

பகல் ஏற ஏற தூரத்து மேடைகளில் ஆள் உயர ராக்கெட்டுகள் நிற்கத் தொடங்கும். ‘எச்’ எழுத்திலிருந்து மேலே உள்ள மோட்டாரை வாங்க 18 வயதும் தகுதிச் சான்றும் வேண்டும். எச், ஐ முதல் நிலை. ஜே, கே, எல் இரண்டாம் நிலை, எழுத்துத் தேர்வும் உண்டு. எம் முதல் மூன்றாம் நிலை. ‘எம்’ மோட்டாரின் மொத்த உந்தம் 10,240 நியூட்டன்-வினாடி வரை போகும், அதாவது குழந்தையின் சி6-ஐப் போல ஆயிரம் மடங்கு. அது கிளம்பும்போது சத்தம் காதுக்கு வருமுன் நெஞ்சுக்கு வரும். ஆனால் இந்தச் சான்றுக்கு எவ்வளவு உயரம் போனது என்று யாரும் கேட்பதில்லை. விட்ட ராக்கெட்டை உடையாமல் கொண்டுவந்து காட்ட வேண்டும், துடுப்பு ஒன்று முறிந்திருந்தாலும் தேர்ச்சி இல்லாமல் போகலாம். பெரிய ராக்கெட்டுகள் உச்சியில் சின்ன பாராசூட்டையும், தரைக்குச் சில நூறு அடி இருக்கையில் பெரிய பாராசூட்டையும் விரிக்கும். உள்ளே இருக்கும் உயரமானி அதைப் பார்த்துக்கொள்கிறது. அந்த இரண்டாவது விரிப்பு வரை கூட்டம் மூச்சு விடாது.

பச்சை முட்டையோடு நிற்கும் பள்ளிப் பிள்ளைகளைப் பார்த்தால் ஆச்சரியப்படாதீர்கள். முட்டையை ஏற்றி, சொன்ன உயரத்துக்குப் போய், சொன்ன நேரத்தில், ஓடு விரியாமல் இறக்க வேண்டும் என்பது 2003-இல் தொடங்கிய தேசிய மாணவர் போட்டி. அதற்குப் பயிற்சி எடுக்க வருகிறவர்கள் அவர்கள்.

ஊர் திரும்பும்போது

மிஞ்சிய மோட்டார்களைப் பெட்டியில் வைத்து விமானத்தில் எடுத்துவர முடியாது. கைப்பையானாலும் சரி, ஏற்றிவிடும் பெட்டியானாலும் சரி, தடை. களத்திலேயே பக்கத்துக் குடும்பத்திடம் கொடுத்துவிட்டு வாருங்கள், வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். ஊரில் இருக்கும் மற்றப் பேரப்பிள்ளைக்கு ராக்கெட் வேண்டும் என்றால், பறந்ததை எடுத்துவர நினைக்காதீர்கள், அதன் குழாயில் கருமருந்துக் கரி படிந்திருக்கும். விமான நிலையச் சோதனையில் அதற்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருப்பதை விட, பிரிக்காத கிட் பெட்டி ஒன்று தனியாக வாங்கிக்கொள்வது சுலபம்.