முதலில் தனித்தனியாக, பிறகு சேர்ந்து

அன்புத் தங்கைக்கு,

வடசென்னையில் எச்.ஐ.வி. பரிசோதனை செய்யும் நம்பிக்கை மையத்தில் ஆலோசகராகச் சேர்ந்த செய்தி கிடைத்தது. மிக்க மகிழ்ச்சி. ஊசியில் போதை ஏற்றும் கணவரும் அவர் மனைவியும் எதிரே வந்து உட்கார்ந்தால் பேச்சை எங்கே தொடங்குவது என்று கேட்டிருந்தாய்.

எச்.ஐ.வி. எப்படிப் பரவும் என்பது அவர்களில் பலருக்குத் தெரியும். தெரிந்தும் வீட்டில் பேச முடிவதில்லை. கணவர் ஆணுறையை எடுத்தால், "இத்தனை வருஷமா இல்லாம இப்ப எதுக்கு? எவகிட்ட போன?" என்பார் மனைவி. மனைவி கேட்டால், "என்மேலயே சந்தேகமா?" என்பார் கணவர். குடும்பம் உடையாமல் இருக்கட்டும் என்றே இருவரும் வாயை மூடிக்கொள்கிறார்கள். அந்தப் பயத்தை மதித்துப் பேசு.

முதலில் தனித்தனியாகப் பேசு. "ஊசியை மாற்றிப் போட்டீர்களா?" என்று மட்டும் கேட்டால், "இல்ல மேடம், என் ஊசி என்கிட்டதான்" என்பார் கணவர். அது உண்மையாகவும் இருக்கலாம். மாத்திரையைக் கரைத்த மூடி யாருடையது, வடிகட்டிய பஞ்சு யாருடையது, ஊசியைக் கழுவிய தண்ணீர் யாருடையது என்று ஒவ்வொன்றாகக் கேள். கூட்டாளிகளோடு பகிர்ந்தது அப்போதுதான் வெளியே வரும். மனைவியிடம், இந்தப் பேச்சை எடுத்தால் வீட்டில் அடி விழுமா என்பதை முதலில் கேள்.

இருவரையும் சேர்த்து உட்கார வைக்கும்போது, யாரால் வந்தது என்ற விசாரணைக்கு இடம் கொடுக்காதே. "நான் ஊசி போட்டிருக்கேன், ரெண்டு பேரும் டெஸ்ட் எடுத்துக்கலாம்" என்று கணவரே சொல்லட்டும். அதை உன் அறையிலேயே நாலு தடவை சொல்லிப் பழகட்டும். முதல் பரிசோதனையில் கிருமி இல்லை என்று வந்தாலும், மூன்று மாதம் கழித்து மறுபடி எடுக்கச் சொல்.

நம்பிக்கை தரும் செய்திகளையும் மறக்காமல் சொல். ஒருவருக்குக் கிருமி இருந்து மற்றவருக்கு இல்லாத தம்பதிகளிடம் பல நாடுகளில் ஓர் ஆய்வு நடந்தது. சென்னையும் அதில் ஒரு களம். சிகிச்சையைச் சீக்கிரம் தொடங்கினால் துணைக்குத் தொற்றுவது 96 சதவீதம் குறைகிறது என்று 2011-இல் அது காட்டியது. எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்தை விடாமல் சாப்பிட்டு, ரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து அப்படியே நீடித்தால், உடலுறவு வழியாகப் பரவாது. ஊசியைப் பகிர்வதற்கு இந்த உறுதி பொருந்தாது. அதைத் தெளிவாகச் சொல். நாக்கின் அடியில் வைக்கும் புப்ரினார்பின் மாத்திரை ஊசியைக் கைவிட உதவும். அதைத் தரும் மாற்று மருந்து மையத்துக்கு மனைவியும் கூட வந்தால், வீட்டில் பேச்சு தானாகவே துளிர்க்கும்.

தனக்குக் கிருமி இருப்பதைக் கணவர் சொல்ல மறுத்தால் அவசரப்பட்டு நீ சொல்லிவிடாதே. துணைக்குத் தெரிவிக்க 2017-ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டம் ஆலோசகருக்கு இடம் தருகிறது. ஆனால் துணைக்குக் கிருமி தொற்றும் பெரிய ஆபத்து இருக்க வேண்டும். உரியவரே சொல்லும்படி ஆலோசனை தந்தும் அவர் சொல்லமாட்டார் என்று உறுதிப்பட வேண்டும். நீ சொல்லப்போவதை அவருக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். கிருமி இருப்பது மனைவிக்கு என்றால் இன்னும் கவனம் தேவை. கணவரிடம் சொன்னால் அடி விழும், கைவிடப்படுவார் என்ற நியாயமான அச்சம் இருந்தால் சொல்லக்கூடாது.

அவர்கள் வாழப்போவது அந்த வீட்டில். பேசவேண்டியதை அவர்களே பேசிக்கொள்ளும் தைரியத்தைக் கொடுத்து அனுப்பு. அதுதான் உன் வேலை.

அன்புடன்,
உன் அக்கா