மாமனார் ஒரு கட்சி, மருமகன் ஒரு கட்சி

என் மாமனார் ஒரு கட்சி, நான் எதிர்க்கட்சி. ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டில் ரசம் வருவதற்குள் சண்டை வந்துவிடுகிறது. அரசியலே பேசாமல் இருந்துவிடலாமா?
– பெயர் வேண்டாம் என்ற மருமகன், கும்பகோணம்

பேசுங்கள். ஆனால் முதலில் டி.வி.யை அணையுங்கள். நாலு பேர் ஒரே நேரத்தில் கத்தும் விவாதம் ஓடிக்கொண்டிருந்தால் நீங்கள் ஐந்தாவது ஆள், அவர் ஆறாவது.

"உங்க கட்சி என்ன கிழிச்சுது?" என்று ஆரம்பிக்காதீர்கள். "மாமா, நீங்க முதன்முதல்ல யாருக்கு ஓட்டுப் போட்டீங்க? ஏன்?" என்று கேளுங்கள். கேட்டபின் குறுக்கே பேசாமல் இருப்பதுதான் கஷ்டம். வாயில் அப்பளம் இருந்தால் உதவும். "அப்போ நீங்க சொல்றது இதுதானே?" என்று அவர் பேச்சை ஒருமுறை திருப்பிச் சொல்லிவிட்டு உங்கள் வாதத்தை எடுங்கள். ஒரு வேளைக்கு ஒரு விஷயம் போதும். காவிரியில் தொடங்கினால் கச்சத்தீவுக்குப் போக வேண்டாம்.

சண்டை போட்டாலும் உறவு முறிய வேண்டியதில்லை என்பதற்குப் பெரியாரும் ராஜாஜியும் சாட்சி. கட்டாய இந்தியை எதிர்த்ததற்காக 1938-ல் பெரியாரைச் சிறையில் தள்ளியது ராஜாஜி அரசு. அதே பெரியார் 1949-ல் தன் திருமணம் பற்றிப் பேச ராஜாஜியைத்தான் திருவண்ணாமலையில் போய்ப் பார்த்தார். 1953-ல் ராஜாஜி கொண்டுவந்த குலக்கல்வித் திட்டத்துக்காக மறுபடி மோதல்! 1972-ல் ராஜாஜி மறைந்தபோது, 93 வயதுப் பெரியார் சுடுகாட்டுக்கே வந்து அழுதார். கொள்கையில் மோதினார்கள்; நட்பை விடவில்லை.

இந்த ஞாயிறு, உங்கள் கட்சி செய்த ஒரு தப்பை நீங்களே முதலில் ஒப்புக்கொண்டு பாருங்கள். பதிலுக்கு அவரும் ஒன்றை ஒப்புக்கொள்ளலாம். இல்லாவிட்டாலும், ரசம் சூடாகக் கிடைக்கும்.