மலையிறங்கும் முன் ஒரு கணக்கு
(ஓய்வு பெறும் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களுக்கு)

58 வயது நிறைந்த அன்று என் அத்தைக்கு எஸ்டேட் ஆபீசில் ஒரு சால்வையும் ஒரு காகிதமும் கொடுத்தார்கள். சால்வையை அத்தை அன்றைக்கே போர்த்திக்கொண்டார். காகிதத்தை மடித்து அரிசிப் பானைக்குள் வைத்தார். மூன்று மாதத்தில் லயத்தைக் காலி செய்ய வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. பதினெட்டு வயதில் பேர் போட்ட நாளிலிருந்து கொழுந்துக் கூடையை இறக்காதவர். வேலை, வீடு, விறகு, ஆஸ்பத்திரி எல்லாம் ஒரே நாளில் கம்பெனிக் கணக்கிலிருந்து அவருடைய சொந்தக் கணக்குக்கு மாறிவிட்டன. கையில் வரப்போவது ஒரே ஒரு முறை வரும் பணம்.

நம் பகுதியில் மூணாறு, தேவிகுளம், பீர்மேடு, வண்டிப்பெரியாறு என்று இடுக்கி மலைகளிலும், பாலக்காட்டு நெல்லியாம்பதித் தோட்டங்களிலும், வாளையாறு அருகே கஞ்சிக்கோட்டுத் தொழிற்சாலைகளிலும் ஆண்டுதோறும் எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் இந்த நாளைச் சந்திக்கின்றன. ஆகவே இந்த இதழில் அந்தப் பணத்தைப் பற்றி ஒரு பாடமாகவே எழுதலாம் என்று எண்ணினேன். படிக்கத் தெரியாத பெரியவர்களுக்குப் பிள்ளைகள் வாசித்துக் காட்டவும்.

முதலில், வருவது ஒரு பணம் அல்ல, மூன்று பணம் என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். பி.எஃப். எனப்படும் சேமநிதி ஒன்று. நம்மவர்கள் ‘சர்வீஸ் பணம்’ என்று சொல்லும் பணிக்கொடை இரண்டு. மாதாமாதம் வரும் ஓய்வூதியம் மூன்று. இவற்றுக்குத் தனித்தனிப் படிவம், தனித்தனிக் கணக்கு. ஒன்றை வாங்கிவிட்டு ‘எல்லாம் வந்துவிட்டது’ என்று ஊருக்குப் போய்விட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

சர்வீஸ் பணத்தின் கணக்கு எளிது. வேலை செய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் கூலி. நாள் கூலி 450 ரூபாய், சர்வீஸ் 30 ஆண்டு என்று வைத்துக்கொண்டால், 450-ஐ 15-ஆல் பெருக்கி, வருவதை 30-ஆல் பெருக்க 2,02,500 ரூபாய். மாதச் சம்பளக்காரர்களுக்கு மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து ஒரு நாள் கூலி காண வேண்டும். கடைசி ஆண்டில் ஆறு மாதத்துக்கு மேல் வேலை செய்திருந்தால் அதுவும் முழு ஆண்டாகக் கணக்கில் சேரும். 1972-ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டம் வகுத்த இந்தக் கணக்கு, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் தொடர்கிறது. பணம் உரியதாகும் நாளிலிருந்து 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும், தாமதித்தால் வட்டியோடு கொடுக்க வேண்டும்.

இதில் தகராறு வருவது பெருக்கலில் அல்ல, ஆண்டுகளில். பலரைத் தற்காலிகத் தொழிலாளியாக நாலைந்து வருடம் வைத்திருந்து பிறகுதான் நிரந்தரமாக்கியிருப்பார்கள். அந்த ஆண்டுகளிலும் 240 நாள் வேலை செய்திருந்தால் அவை சர்வீஸில் சேர வேண்டும். அதற்குச் சாட்சி பழைய கூலிச் சீட்டும் செக்ரோலும்தான். ஓய்வு பெற்ற பிறகு செக்ரோலைத் தேடச் சொன்னால் ஆபீசில் யாருக்கும் பொறுமை இருக்காது. 55 வயதிலேயே கேட்டு எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

வீட்டைக் காலி செய்தால்தான் சர்வீஸ் பணம் என்று பல எஸ்டேட்டுகளில் சொல்வதுண்டு. பணம் வந்தால்தான் வீடு பார்க்க முடியும் என்பது தொழிலாளியின் நிலை. கோழியா முட்டையா என்ற இந்த வழக்கில் பல குடும்பங்கள் ஆண்டுக்கணக்கில் நின்றுவிடுகின்றன. சாவியைக் கொடுக்கும் நாளில், கொடுத்த தேதியைக் குறித்துக் கையெழுத்திட்ட ரசீது ஒன்றை வாங்காமல் படியிறங்கக் கூடாது. வாய்ச்சொல்லில் ஒப்படைத்த வீட்டுக்குப் பிறகு வாடகை பிடித்த கதைகள் நம்மிடையே உண்டு.

அடுத்து ஓய்வூதியம். 1995 நவம்பர் 16 முதல் நடப்பில் உள்ள இத்திட்டத்தில் குறைந்தது 10 ஆண்டு சேவை உள்ளவருக்கு 58 வயதில் மாத ஓய்வூதியம் உண்டு. கடைசி 60 மாதச் சம்பளத்தின் சராசரியை (15,000 ரூபாய்க்கு மேல் கணக்கில் எடுப்பதில்லை) சேவை ஆண்டுகளால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும். 20 ஆண்டுக்கு மேல் சேவை இருந்தால் இரண்டு ஆண்டு கூடுதலாகச் சேர்ப்பார்கள். சராசரி 10,500, சேவை 30 என்றால் 32-ஆல் பெருக்கி 70-ஆல் வகுக்க மாதம் 4,800 ரூபாய். முன்பு ஓய்வு பெற்றவர்களில் பலருக்கு 2014-இல் நிர்ணயித்த குறைந்தபட்சத் தொகையான 1,000 ரூபாய்தான் வருகிறது. அதைக் கொண்டு எப்படி வாழ்வது என்று கேட்டால் என்னிடமும் பதில் இல்லை. கணவன் இறந்தால் மனைவிக்கும், மனைவி இறந்தால் கணவனுக்கும் பாதி ஓய்வூதியம் உண்டு என்பதையாவது வீட்டில் எல்லோரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

என் அத்தைக்கு இந்த ஓய்வூதியம் வர பதினாலு மாதம் ஆயிற்று. காரணம் ஒரு பெயர். பேர் போடும்போது கங்காணி சொன்னபடி செக்ரோலில் ஒரு பெயர் ஏறியது. ஆதார் எடுத்தபோது பள்ளிக்கூடப் பெயர். வங்கிப் புத்தகத்தில் கணவர் பெயர் பின்னால் ஒட்டிக்கொண்டது. தமிழ்ப் பெயரை மலையாள உச்சரிப்பில் கேட்டு ஆங்கிலத்தில் எழுதும்போது எழுத்து மாறாமல் இருந்தால்தான் அதிசயம். பிறந்த தேதியும் அப்படியே. இதைத் திருத்தத் தொழிலாளியும் நிர்வாகமும் சேர்ந்து கொடுக்கும் கூட்டு உறுதிமொழி வேண்டும். வேலையில் இருக்கும்போது அந்தக் கையெழுத்தை வாங்குவது ஒரு மத்தியான வேலை. ஓய்வுக்குப் பின் அதற்கே மூணாறுக்கும் ஊருக்கும் பஸ் ஏறி இறங்க வேண்டும். வாரிசு நியமனத்தையும் அப்போதே பார்த்துவிடவும். கல்யாணத்துக்கு முன் அம்மா பெயரைக் கொடுத்துவிட்டு மாற்றாமலே விட்டவர்கள் அநேகர்.

காகிதங்களை லயத்து அலமாரியில் மட்டும் வைக்காதீர்கள். 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்கள் மண்ணில் புதைந்தபோது 70 பேர் மாண்டார்கள். உயிரே போன இடத்தில் காகிதத்தைப் பேசுவது சின்னத்தனமாகத் தோன்றலாம். ஆனால் பிழைத்தவர்களுக்கு அடுத்த வாரமே காகிதம் தேவைப்படும். நகல் ஒன்று ஊரில் உள்ள உறவினரிடமோ, பிள்ளையின் போனிலோ இருக்கட்டும்.

பி.எஃப். பணத்தை எல்லோரும் அவசரமாக எடுக்கப் பார்க்கிறார்கள். அவசரமே இல்லை. 55 வயதுக்கு மேல் ஓய்வு பெற்றவரின் கணக்கில் பணத்தை எடுக்காமல் விட்டாலும் மூன்று ஆண்டு வரை வட்டி ஏறும். 2024-25-க்கு அது 8.25 விழுக்காடு. வீடு எங்கே, பிள்ளைகள் எங்கே என்று முடிவாகாத நிலையில், உங்கள் தம்பி மகனிடம் இருப்பதைவிட அங்கே இருப்பது பணத்துக்குப் பாதுகாப்பு. (தம்பி மகன்கள் கோபிக்க வேண்டாம்!)

ஆனால் கம்பெனி ஒழுங்காகப் பணம் கட்டியிருக்கிறதா என்று வேலையில் இருக்கும்போதே பார்த்து வர வேண்டும். பீர்மேட்டில் 2000-ஆம் ஆண்டு இறுதியில் தோட்டங்கள் கைவிடப்பட்டபோது கூலி, சேமநிதி, பணிக்கொடை மூன்றும் நிலுவையில் நின்றன. கேரளம் உட்பட நான்கு மாநிலத் தேயிலைத் தொழிலாளர்களின் நிலுவைக்காக 2006-இல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கில், ஓய்வு பெற்ற நீதிபதி அபய் மனோகர் சப்ரே தலைமையில் குழு வைத்துத் தோட்டம் தோட்டமாகக் கணக்கெடுக்க வேண்டியதாயிற்று. அதற்குள் எத்தனை பேர் கண்ணை மூடிவிட்டார்கள்! இன்று மாதா மாதம் கட்டிய தொகையை செல்போனிலேயே பார்க்கலாம். வீட்டில் ஒரு பிள்ளைக்காவது அதைப் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும்.

இனி, பணம் வந்த பிறகு. பணம் வரும் செய்தி பணத்துக்கு முன்பே லயம் முழுக்கப் போய்விடும். பிளேடுகாரர் வருவார். சிலரிடம் ஏ.டி.எம். அட்டையே அடகில் இருக்கும். 2014-இல் கேரள அரசு ‘ஆபரேஷன் குபேரா’ என்ற பெயரில் கந்துவட்டிக்காரர்கள் மீது நடவடிக்கை எடுத்தது. தொழில் அடியோடு நின்றுவிடவில்லை. சேமநிதியையும் பணிக்கொடையையும் கடனுக்காக ஜப்தி செய்யச் சட்டம் இடம் தருவதில்லை என்பதை இவர்களிடம் சொல்லத் தயங்க வேண்டாம். வாங்கிய கடனைத் திருப்பத்தான் வேண்டும். எவ்வளவு என்பதை உட்கார்ந்து பேசி, எழுதி, சாட்சி வைத்துத் தீர்க்க வேண்டும்.

அதிக வட்டி தருகிறோம் என்பவர்கள் அடுத்து வருவார்கள். 2020-இல் பத்தனம்திட்டையில் பாப்புலர் பைனான்ஸ் விழுந்தது. 2022-இல் தமிழ்நாட்டில் ஆருத்ரா கோல்டு. 2021-இல் திருச்சூர் மாவட்டம் கருவன்னூர்க் கூட்டுறவு வங்கியில் நடந்த மோசடியும் வெளியே வந்தது. வங்கி என்று பலகை மாட்டிய எல்லாம் ஒரே வங்கி அல்ல. ரிசர்வ் வங்கியின் கீழ் வரும் வங்கிகளில் ஒருவர் போட்ட பணத்துக்கு 5 லட்சம் வரை காப்பீடு உண்டு, 2020 பிப்ரவரி முதல். கிராமத்துத் தொடக்கக் கூட்டுறவுச் சங்கங்களுக்கு இந்தக் காப்பீடு கிடையாது. சீட்டுப் போடுவதானால் பதிவு பெற்ற சீட்டாக இருக்கட்டும். கேரள அரசின் கே.எஸ்.எஃப்.இ. 1969 முதல் நடத்துகிறது. என் அத்தை அதில் போடவில்லை. லயத்திலேயே ஒருவர் நடத்திய சீட்டில் 60,000 போட்டார். அந்த ஆள் இப்போது எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை.

அஞ்சலகத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் இருக்கிறது. 60 வயது ஆக வேண்டும் என்பார்கள். ஆனால் 55 முடிந்து ஓய்வு பெற்றவர்களும், ஓய்வுப் பணம் கைக்கு வந்த மூன்று மாதத்துக்குள் அந்தப் பணத்தைப் போட்டால், சேரலாம். இந்த விதி பலருக்குத் தெரியாததால் 58 வயதுக்காரர்களைத் திருப்பி அனுப்பிவிடுவதுண்டு. கம்பெனியிலிருந்து ஓய்வுச் சான்று எடுத்துப் போகவும். வட்டி விகிதத்தைக் காலாண்டுதோறும் அரசு அறிவிக்கும். 2023 ஏப்ரலில் 8.2 விழுக்காடாக வைத்தார்கள். அந்த விகிதத்தில் இரண்டு லட்சத்துக்கு மூன்று மாதத்துக்கொருமுறை 4,100 ரூபாய் கிடைக்கும். மூணாறில் தொடங்கிய கணக்கைத் தேனிக்கோ சங்கரன்கோவிலுக்கோ மாற்றிக்கொள்ளலாம்.

நிலம் வாங்குவோர் இன்னும் நிதானிக்க வேண்டும். மலையில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு மலையிலேயே நாலு சென்ட் வேண்டும் என்ற ஆசை இயல்பு. ஆனால் தேவிகுளம் தாலுகாவில் 1999-இல் கொடுத்த 530 ‘ரவீந்திரன் பட்டயங்களை’ ரத்து செய்ய 2022 ஜனவரியில் அரசு உத்தரவிட்டதை மறக்கக் கூடாது. இங்கே ‘ஆதாரம்’ என்றால் பத்திரம். ஆதாரம், பட்டயம், வரி கட்டிய ரசீது மூன்றையும் வில்லேஜ் ஆபீசில் ஒத்துப் பார்க்காமல் முன்பணம் கொடுக்கக் கூடாது. தமிழ்நாட்டில் வாங்கினால் பட்டாவும் வில்லங்கச் சான்றும்.

ஊர் மாறினால் ஓய்வூதியம் என்னாகும் என்று கேட்பவர்கள் பலர். 2025 ஜனவரி முதல் இந்தியாவின் எந்த வங்கிக் கிளையிலும் அதைப் பெறலாம். முன்போல் ஆணையை ஓர் அலுவலகத்திலிருந்து மற்றொன்றுக்கு மாற்ற வேண்டியதில்லை. கல்பாத்தியில் வந்து தங்கும் அமெரிக்கக் குடியுரிமைக்காரர் ஒருவரோடு ஒப்பிட்டால் நம் பாடு சுலபம்தான். அவர் எங்கே வாழ்ந்தாலும் அமெரிக்காவுக்கு வருமானக் கணக்குக் காட்ட வேண்டும். வெளிநாட்டு வங்கிகளில் உள்ள பணம் எல்லாம் சேர்ந்து ஆண்டில் ஒரு நாளாவது 10,000 டாலரைத் தாண்டினால் அதையும் தனியாகத் தெரிவிக்க வேண்டும். நமக்கு வேண்டியது ஆண்டுக்கொருமுறை உயிர்வாழ்வுச் சான்று மட்டும்.

அதிலும் ஒரு சங்கடம். நாற்பது ஆண்டு கொழுந்து கிள்ளிய விரலில் ரேகை தேய்ந்திருக்கும், இயந்திரம் ஏற்காது. என் அத்தையை மூன்று தடவை திருப்பி அனுப்பினார்கள். இப்போது போனில் முகத்தைக் காட்டியே சான்று கொடுக்கலாம், 2022 முதல் சேமநிதி நிறுவனம் அதை ஏற்கிறது. கொடுத்த நாளிலிருந்து ஓராண்டு செல்லும். அத்தை இப்போது கயத்தாறு பக்கம் மகள் வீட்டில் இருக்கிறார். ஒவ்வொரு கார்த்திகையிலும் பேரன் போனை நீட்ட, சால்வையைச் சரிசெய்துகொண்டு உட்காருகிறார்.